முப்பத்தாறாம் நம்பர் ஜோடி

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நான்கு நாள்தான். கடைத்தெருவில் செருப்புக் கடைக்குள் காலை வைக்க இடமில்லை. புது ரெக்சின் வாடையும் வியர்த்த காலுறை வாடையும் கலந்து முகத்தில் அடித்தது. மகளுக்குக் கறுப்பு ஷூ வாங்கப் போயிருந்தேன். பக்கத்து ஸ்டூலில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்க, அவள் அம்மா கடைக்காரரிடம், "ஒரு சைஸ் பெருசாவே குடுங்க, வளர்ற புள்ள" என்றாள். அவரும் குதிகாலுக்குப் பின்னால் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, தாராளமாக இருக்கிறது, ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லை என்று சான்றிதழ் கொடுத்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. காலுக்குச் சரியான அளவில் கொடுக்க உங்களுக்கு என்ன கேடு என்று கத்திவிட்டேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா, யார் இந்தப் பைத்தியம் என்பதுபோல் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் மனைவி கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, என்ன வந்தது உங்களுக்கு என்று கேட்டாள். வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று சமாளித்தேன். உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீ மவுத்தாகி, மண்ணுக்குள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

உன் முகவரி இப்போது திருமலைராயன்பட்டினத்துப் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற மையவாடி. அங்கே தபால் போகாது. ஆனாலும் உனக்கு எழுதுவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. பதில் சொல்லாமல் இருப்பதில் நீ உயிரோடு இருக்கும்போதே கெட்டிக்காரன்.

இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் ஃபிட்டர் படித்தவர்கள். நீ பட்டினத்துக்காரன், நான் திருநள்ளாற்றுக்கு மேற்கே வயல் நடுவில் இருக்கிற ஊர்க்காரன். நீ என்னை மாப்ள என்பாய், நானும் உன்னை மாப்ள என்பேன். ஒரே ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து ஒரே விமானத்தில் வளைகுடாவுக்குப் போனோம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே ஒரு மால், அதற்குள் ஒரு ஐஸ் தளம், அதன்மேல் ஜனங்கள் இரும்புத் தகடு பூட்டிய ஷூவைப் போட்டுக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓடுவார்கள். இதை ஊரில் சொல்லிப் புரியவைக்க முடிந்ததே இல்லை. மகனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை என்று என் அப்பா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிக்கத் தெரியும் என்று கவுண்டரில் நிறுத்தினார்கள். வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு வாடகைக்கு ஸ்கேட் கொடுப்பது என் வேலை. உனக்குச் சிரிக்கத் தெரியாது. உன்னைப் பின்கட்டில், சாணைச் சக்கரத்துக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

அந்த வாடகை ஸ்கேட்டுகளை நினைத்தால் இன்றைக்கும் வாயில் கசக்கிறது. நானூறு ஜோடி இருக்கும், அதில் உருப்படியாக நூறு தேறாது. தகட்டின் அடிப்பக்கம் நடுவில் லேசாகக் குழிந்து இரண்டு ஓரமும் கூராக நிற்க வேண்டும். அந்தக் கூர்தான் ஐஸைப் பிடிக்கும். எங்களிடம் இருந்தவற்றில் பாதிக்கு ஓரமே கிடையாது. ரப்பர் விரிப்பு போடாத தரையில் ஜனங்கள் டக்டக்கென்று நடந்து நடந்து மழுக்கியிருப்பார்கள். ஈரத்தோடு அடுக்கியதில் துரு. கயிறு மாட்டுகிற கொக்கிகளில் ரெண்டைக் காணோம், மூன்றைக் காணோம். கணுக்காலைத் தாங்க வேண்டிய மேல்பகுதி, காய்ந்த வாழைமட்டை மாதிரி மடங்கிக் கிடக்கும். உள்ளே கை விட்டால் யார் யாருடைய வியர்வையோ பிசுபிசுக்கும்.

நீ ஒவ்வொரு ஜோடியையும் எடுத்து, இடது கட்டைவிரல் நகத்தைத் தகட்டின் ஓரத்தில் இழுத்துப் பார்ப்பாய். நகம் சீவினால் நல்லது, சீவாவிட்டால் சாணைக்கு. அதனால் உன் ஒரு நகம் மட்டும் எப்போதும் தேய்ந்தே இருந்தது. சாணைக்கும் அடங்காததை ஒரு தனித் தட்டில் போட்டு வைப்பாய். அந்தத் தட்டுக்கு மையவாடி என்று பெயர் வைத்தவன் நீ. அங்கே போனது திரும்பி வரக்கூடாது மாப்ள என்பாய். அப்போது அதற்குச் சிரித்தேன்.

புது ஜோடிகள் வேண்டும் என்று மேனேஜருக்கு எத்தனை முறை எழுதிக்கொடுத்தாய். ஒருமுறை ஒரு பெட்டி வந்து இறங்கியது. ஆசையாய்ப் பிரித்தால் உள்ளே வாசனை ஸ்பிரே. நாற்றம் போனால் போதும், ஷூ புதுசாகிவிடும் என்பது அவர் கணக்கு. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, வாடிக்கையாளர்கள் அப்படி. யாரும் வந்து உங்கள் ஸ்கேட் மோசம் என்று சண்டை போட்டதே இல்லை. பிடிமானமில்லாத தகட்டை மாட்டிக்கொண்டு பத்துத் தடவை விழுந்துவிட்டு, எனக்கு இதெல்லாம் வராது என்று வெட்கப்பட்டுக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்து ஒருநாள் நீ சொன்னாய்: "நம்ம ஊர்ல ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொல்லுவா. இங்க கூடமே கோணல் மாப்ள, வர்றவன் எனக்கு ஆடத் தெரியலங்கறான்."

உனக்கும் எனக்கும் சண்டை வந்தது ஒரே விஷயத்துக்குத்தான், சைஸ். நம் பக்கத்து ஆட்களுக்குச் செருப்பு என்றால் காலைக் கடிக்கக் கூடாது. சேற்றில் நடந்து விரிந்த பாதம், விரலுக்கு இடம் வேண்டும். கோயில் வாசலில், பள்ளிவாசல் படியில், வீட்டு முற்றத்தில் கை வைக்காமல் உதறிவிட்டுப் போகும்படி இருக்க வேண்டும். கடிக்காத செருப்புதான் நல்ல செருப்பு என்று என் புத்தியில் ஊறிப்போயிருந்தது. கடிக்கிறது என்று யார் முகத்தைச் சுளித்தாலும் உடனே ஒரு சைஸ் பெரிதாக எடுத்து நீட்டிவிடுவேன். அவர்கள் சந்தோஷமாகச் சிரிப்பார்கள், எனக்கும் ஏதோ தர்மம் செய்த மாதிரி இருக்கும். நீ பின்கட்டிலிருந்து எழுந்து வந்து, மாட்டியதைக் கழற்றச் சொல்லி, வேறு ஜோடி மாட்டிவிடுவாய். எல்லோர் முன்னாலும் என் முகம் கறுத்துப்போகும்.

"இது வாசல்ல கழட்டிப் போடற செருப்பு இல்ல மாப்ள. கணுக்கால இறுக்கிப் புடிக்கணும். வலிச்சா வலிக்கட்டும், ஒடையாதுல்ல" என்பாய்.

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன். நீ கறாரானவன், நான் நல்லவன் என்று நாலு பேர் நினைக்க வேண்டும் என்கிற அற்ப ஆசை.

பெருநாள் விடுமுறையில் ஒரு மத்தியானம். வரிசை மாலின் நடைபாதை வரைக்கும் நீண்டிருந்தது. நீ உள்ளே சாணைச் சத்தத்தில் இருந்தாய். சேலை கட்டிய ஒரு அம்மா, ஒன்பது பத்து வயதில் ரெட்டைச் சடை போட்ட மகளோடு வந்தாள். நான் யாரிடமோ தமிழில் பேசியது காதில் விழுந்து, "அண்ணே, நீங்க நம்ம பக்கமா?" என்றாள். காரைக்கால் என்றேன். மயிலாடுதுறைப் பக்கம் அவளுக்கு. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையில் நிற்கிறவர்களை விட்டுவிட்டு, பிள்ளையை உட்காரவைத்து நானே குனிந்து முப்பத்துநாலாம் நம்பரை மாட்டினேன். கச்சிதமாக இருந்தது. பிள்ளை கடிக்கிறது என்றது. அம்மாவும், கொஞ்சம் லூசா இருந்தா தேவலையே என்றாள். முப்பத்தைந்து தீர்ந்துபோயிருந்தது. முப்பத்தாறு எடுத்தேன். குதிகாலுக்குப் பின்னால் என் விரல் தாராளமாக உள்ளே போனது. மேல் கொக்கிகள் ரெண்டையும் கயிறு போடாமல் விட்டேன், இறுக்கினால் பாவம் வலிக்குமே என்று. சொந்த ஊர்க்காரப் பிள்ளை அல்லவா.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். பாட்டுச் சத்தத்தையும் மீறி அந்த அலறல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். ஷூ ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, உள்ளே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அந்த அம்மா மண்டியிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து அண்ணே அண்ணே என்றாள். நான்தான் காரணம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. உதவிக்கு என்னைத்தான் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் அந்த ஜோடி மேஜைமேல் இருந்தது. நீ பார்த்துச் சாணை பிடித்து நல்ல தட்டில் வைத்த ஜோடி அது. பழையதுதான், மேல்பகுதி கொஞ்சம் தளர்ந்ததுதான், ஆனால் முப்பத்தாறு அளவுள்ள காலுக்கு ஒரு குறையும் வைத்திருக்காது. யார் கொடுத்தது என்று கேட்டார். அரைகுறை ஆங்கிலத்தில், நான்தான் கொடுத்தேன், ஆனால் கணுக்கால் பக்கம் ஷூ தொளதொளத்துப் போயிருந்தது என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட உன் முகத்தில் விழித்திருப்பேன். பின்கட்டில் சரியாகப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

இதற்கு நான் எனக்கே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஷூ மோசம் என்றால் பழி மேனேஜர் தலையில்தானே விழும், இத்தனை நாள் நீ எழுதிக்கொடுத்தது எல்லாம் வெளியே வருமே என்று. சுத்தப் பொய். மேலே இருப்பவன் தலைக்கு வருவது எப்போதும் தலைப்பாகையோடு போகும், கீழே இருப்பவனுக்குத்தான் தலை போகும் என்று எனக்குத் தெரியாதா.

உன்னைக் கூப்பிட்டார்கள். நீ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய். ஷூவை எடுத்துக் கணுக்கால் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாய். திருப்பிக் குதிகாலில் அடித்திருந்த நம்பரைப் பார்த்தாய். ஆஸ்பத்திரிச் சீட்டு பக்கத்திலேயே இருந்தது, பிள்ளையின் வயது அதில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாய். நீ இதைச் சோதித்தாயா என்று மேனேஜர் கேட்டார். ஆமாம் என்றாய். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். இல்லை என்றாய்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு அந்த அறையில் இரண்டும் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தன. ஒரே வாரத்தில் உன் விசாவை ரத்து செய்தார்கள்.

நீ பெட்டி கட்டும்போது நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அடிப்பாய் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் அழுது காலில் விழுந்திருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். நீ சட்டையை மடித்துக்கொண்டே, "அந்தப் புள்ளைக்குக் காலு எப்புடி இருக்குன்னு போய்க் கேட்டியா?" என்றாய். நான் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. நீ கேட்டுவிட்டு வந்திருந்தாய். ரெண்டு இடத்தில் முறிவு, எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

நீ போன பிறகு பின்கட்டில் வேறு ஒருவன் வந்தான். நகத்தால் எல்லாம் பார்க்க மாட்டான். மையவாடித் தட்டிலிருந்து ஜோடி ஜோடியாக எடுத்துத் துடைத்துக் கவுண்டருக்கு அனுப்பினான். நான் சிரித்துக்கொண்டே வாடகைக்குக் கொடுத்தேன். ரெண்டு வருஷம் கழித்துத் தளம் வேறு ஆள் கைக்கு மாறியது. முதல் வேலையாக நானூறு ஜோடியும் புதுசு வந்தது. கணுக்கால் விறைப்பாக, தகடு நீல நிறத்தில் மின்னிக்கொண்டு. ஒரு ஜோடியை எடுத்து ஓரத்தில் நகத்தை இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சீவியது. அதைப் பெட்டியில் மூடி வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் நின்றேன்.

ஊரில் நீ துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தாய். என் அப்பா ஊரெல்லாம் சொன்ன பொய் உன் விஷயத்தில் பலித்தது. படகுகளுக்கு ஐஸ் பார் உடைத்து ஏற்றுகிற இடம். லீவில் வந்தபோது ரெண்டு முறை உன்னை அங்கே வந்து பார்த்தேன். ரப்பர் பூட்ஸோடு ஈரத்தில் நின்றுகொண்டு, டீ வரவழைத்துக் கொடுத்தாய். மழை பெய்யவில்லை என்றாய், மத்தி மீன் பாடு நன்றாக இருக்கிறது என்றாய், உன் மகள் கணக்கில் கெட்டிக்காரி என்றாய். மாப்ள, அன்னைக்கு அந்த ரூம்ல என்று நான் ஆரம்பித்தால், டீ ஆறுது குடி என்றாய். ரெண்டாவது முறையும் அப்படியே.

உன்னைப் பெருந்தன்மைக்காரன் என்று யாராவது சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். ஒருவன் மன்னிப்புக் கேட்க வரும்போது அவன் வாயைத் திறக்கவிடாமல் டீயைக் கொடுப்பது பெருந்தன்மை இல்லை. உனக்கு என்னைத் தண்டிக்க வேண்டியிருந்தது, அதற்கு வாயைத் திறக்காமல் இருப்பதே போதும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை, மாப்ள. நம்பர் தப்பு என்று அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஊருக்கு வந்திருப்பேன், நீ அங்கே இருந்திருப்பாய், அந்த ஐஸ் ஈரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்க மாட்டாய். இப்படி எழுதும்போதே தெரிகிறது, செய்ததை நான் செய்துவிட்டு, சொல்லாததற்கு உன்னைத் திட்டுகிறேன். திட்டிக்கொண்டுதான் இருப்பேன். வேறு யாரைத் திட்ட?

நீ மவுத்தான செய்தி வந்தபோது நான் கவுண்டரில் இருந்தேன். லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். உன் வீட்டுக்குப் போகாமலே காலம் தள்ளினேன். போன மாதம் உன் மனைவி தானாகவே என் வீட்டுக்கு வந்தாள், உன் மகளையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பெண்ணுக்குப் பதிமூன்று வயதாம். அச்சு உன் முகம், சிரிப்பு கிடையாது. என் மனைவி காபி போட உள்ளே போனாள். உன் மனைவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, நாங்க இப்ப எங்க காக்கா வூட்டுலதான் இருக்கோம். வாய்க்கு வாய் அவர் ஒண்ணையே சொல்லிக் காட்டுறார். ஓம் புருசன் சபர்ல ஒழுங்கா வேல பாக்காம ஒரு புள்ள கால ஒடச்சிட்டு வந்தவன்தானேன்னு. இவ காதுலயும் விழுது. அவங்ககிட்ட நான் கேட்டப்பல்லாம் ஒண்ணுமே சொல்லல. நீங்க கூடவே இருந்தீங்க. நெசமா அவங்க மேலயா தப்பு?"

காக்கா என்று அவள் சொன்னது அவளுடைய அண்ணனை. சபர் என்று நீங்கள் வெளிநாட்டைச் சொல்வீர்கள். எல்லாம் எனக்குப் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது: நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை. கட்டிய மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உன் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நீ அன்றைக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த அதே பார்வை.

நான் கொடுத்த சைஸ் தப்பு, நான்தான் உன் வாப்பா மேல் பழியைப் போட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே என் மனைவி டம்ளர் அடுக்குகிற சத்தம் கேட்டது.

"அவன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். "அங்க இருந்த ஷூ முக்கால்வாசி மோசம். மாத்துங்க மாத்துங்கன்னு அவன் எழுதி எழுதிக் குடுத்தான், யாரும் கேக்கல. கடைசில அவன் மேலயே போட்டுட்டாங்க."

போட்டுட்டாங்க. யார் என்று அவள் கேட்கவில்லை.

நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் எந்த ஷூவின்மேல் பழியைப் போட்டு உன் வேலையைப் பறித்தேனோ, அதே ஷூவின்மேல் பழியைப் போட்டு உனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு தடவையும் தப்பித்தவன் நான்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உன் மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உன் மனைவி என் முகத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, "இத எங்க காக்காகிட்டயும் வந்து ஒரு தடவ சொல்லிருங்கண்ணே" என்றாள். சொல்கிறேன் என்றேன். போய்ச் சொல்லியும் விட்டேன், அதே வார்த்தைகளில். அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசல்வரை வந்த உன் மனைவி, இனிமேல் ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காக துஆ கேட்பேன் என்றாள். உன் மகளையும் கேட்கச் சொல்லியிருக்கிறாளாம்.

அவள் சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை, உன் மனைவி அல்லவா. ஒரு நாளைக்கு ஐந்து முறை அந்த வீட்டில் என் பெயர் சொல்லப்படுகிறது. இங்கே கடைத்தெருப் பக்கம் பாங்கு சத்தம் கேட்டால் கை வேலையை நிறுத்திவிடுகிறேன். பட்டினத்தில் இந்நேரம் அவள் விரிப்பை விரித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடலாம், பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. சொன்னால் அந்த துஆ நின்றுபோகும். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை, மாப்ள.